பழைய வண்டி பேட்டரி: கழற்றுவதிலிருந்து பில் வாங்கும் வரை

முதல் தடவை பேட்டரி மாற்றப் போகிறவர்கள் விசாரிப்பதெல்லாம் புதுசைப் பற்றித்தான். எந்தக் கம்பெனி நல்லது, எத்தனை மாத வாரண்டி, விலையில் எவ்வளவு குறைப்பார்கள் என்று நாலு கடை ஏறி இறங்குவார்கள். பழசைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான்: "எவ்வளவு கிடைக்கும்?"

கேட்பதில் தப்பே இல்லை. பழைய பேட்டரிக்குக் காசு கிடைப்பதால்தான் அது குப்பைத் தொட்டிக்குப் போகாமல் தப்பிக்கிறது. உள்ளே இருப்பது பெரும்பாலும் ஈயம். ஒரு சின்ன கார் பேட்டரி சுமார் 10 கிலோ என்றால் அதில் பாதிக்கு மேல் ஈயம்தான். அதை எத்தனை தடவை உருக்கினாலும் மறுபடி பேட்டரி தகடாக வார்க்கலாம். ஆனால் முறையான ஆலைக்குப் போகும் ஈயமும், ஊருக்கு வெளியே முள்ளுக்காட்டுக்குள் இருக்கும் அடுப்புக்குப் போகும் ஈயமும் கிளம்புவது நம் வீட்டு வாசலிலிருந்துதான். எந்த வழியில் போகும் என்பது நாம் யார் கையில், எந்த நிலையில் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

தமிழ்நாட்டில் பைக், கார், ஆட்டோ, டாடா ஏஸ் வைத்திருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கடைசியில் மின்சார ஸ்கூட்டருக்கும் தனியாகக் கொஞ்சம் இருக்கிறது. அதன் கதை முற்றிலும் வேறு.

முதலில், பேட்டரி செத்துவிட்டதா என்று பாருங்கள்

செல்ஃப் எடுக்கவில்லை என்றாலே பேட்டரி போச்சு என்று முடிவு கட்ட வேண்டாம். பானெட்டைத் திறந்து டெர்மினலை, அதாவது பேட்டரியில் வயர் மாட்டும் முனையைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாக உப்பு பூத்திருந்தாலோ, கிளாம்பு கையால் அசைத்தால் ஆடினாலோ கோளாறு அங்கேயே இருக்கலாம். அந்த உப்பை வெறுங்கையால் சுரண்டி வாயால் ஊத வேண்டாம், அதில் ஈயத்தின் கூட்டுப்பொருளும் இருக்கும். கையுறை போட்டுக்கொண்டு, இணைப்பைக் கழற்றி (எப்படி என்பதைக் கீழே சொல்கிறேன்), ஆப்ப சோடா கரைத்த வெந்நீரைப் பழைய பல்துலக்கியில் தொட்டுத் தேய்த்தால் போய்விடும்.

அப்புறம் வோல்ட் மீட்டர். வண்டி சில மணி நேரம் ஓடாமல் நின்றபின் 12 வோல்ட் பேட்டரி 12.6 காட்டினால் நல்ல சார்ஜ் இருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் காலி. இன்ஜின் ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.4 வரை ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டர் பக்கம் பாருங்கள், இல்லையென்றால் புது பேட்டரியும் அதே வழியில் போகும். மீட்டர் இல்லாதவர்கள் பேட்டரி கடைக்கே வண்டியைக் கொண்டுபோகலாம். பெரும்பாலான கடைகளில் இதற்குக் காசு வாங்குவதில்லை.

வாரண்டி கார்டைத் தேடி எடுக்க வேண்டிய நேரமும் இதுதான். வாரண்டி காலத்துக்குள் போயிருந்தால் பழைய பேட்டரியைக் கம்பெனியே எடுத்துக்கொள்ளும், அதைத் தனியாக விற்க நமக்கு வேலையில்லை. பேட்டரியின் மேல் குத்தியிருக்கும் சீரியல் நம்பரும் கார்டில் இருப்பதும் ஒன்றுதானா என்று ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டால் அந்த வாதம் அங்கேயே முடிந்தது.

இரண்டு விலை கேளுங்கள்

கடைக்குப் போன் போட்டதும் "பழசு இருக்கா சார்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அவர்களிடம் ஒவ்வொரு மாடலுக்கும் இரண்டு விலை உண்டு: பழசைக் கொடுத்தால் ஒன்று, கொடுக்காவிட்டால் ஒன்று. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் பழைய பேட்டரிக்கு அந்தக் கடை போடும் விலை. இதைப் பிரித்துக் கேட்காவிட்டால் "மூவாயிரத்து எண்ணூறு, எல்லாம் சேர்த்து" என்று ஒரே கணக்கில் முடித்துவிடுவார்கள், பழசுக்கு என்ன கழித்தார்கள் என்பதே தெரியாது. பழசின் விலையை எடையை வைத்தோ, 'ஆம்பியர் அவர்' என்ற கொள்ளளவுக் கணக்கை வைத்தோ போடுவார்கள். ஈயத்தின் சந்தை விலை ஏறி இறங்கினால் இதுவும் ஏறி இறங்கும்.

இரண்டு மூன்று கடை விசாரித்தால் ஒரு நிதானம் கிடைத்துவிடும். அதற்குள் தெருவில் பழைய பேப்பர், பழைய இரும்பு எடுப்பவரும் வந்து கேட்பார். கடைக்காரர் 800 கழிக்கிறேன் என்றார் என்று வைத்துக்கொள்வோம், இவர் 950 கையில் தருகிறேன் என்பார். பில் கிடையாது, கேள்வி கிடையாது, வாசலிலேயே காசு. இந்த 150 ரூபாய்தான் இந்தக் கட்டுரையின் மொத்தப் பிரச்சினையும்.

அவர் எப்படிக் கூடுதலாகத் தர முடிகிறது? ஆலைக்காரருக்குப் புகைவடிகட்டி வேண்டும், ஆசிட்டைச் சுத்திகரிக்கும் தொட்டி வேண்டும், தொழிலாளிகளுக்கு ரத்தப் பரிசோதனை வேண்டும், வரி கட்ட வேண்டும், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி வேண்டும். காட்டுக்குள் கோடாரியால் உடைத்து, ஆசிட்டை மண்ணில் கொட்டி, தகடுகளைத் திறந்த அடுப்பில் உருக்குகிறவருக்கு இதில் ஒரு செலவும் இல்லை. மிச்சமாகும் பணத்தில் ஒரு சின்னப் பங்குதான் நம் கைக்கு வரும் அந்த 150. தள்ளுவண்டிக்காரர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அவர் வாங்கி அடுத்த கைக்கு விற்பவர், அது எங்கே போய்ச் சேருகிறது என்பது பல நேரம் அவருக்கே தெரியாது.

சட்டமும் இந்த விஷயத்தில் நம்மைச் சும்மா விடவில்லை. 2001-லேயே பேட்டரிகளுக்கென்று மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. அதற்குப் பதிலாக 2022 ஆகஸ்டில் வந்தவைதான் இப்போதுள்ள பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள். விற்ற பேட்டரியைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு. பேட்டரியை வீட்டுக் குப்பையோடு கலக்காமல், முறையாகச் சேகரிப்பவரிடமோ மறுசுழற்சி செய்பவரிடமோ கொடுக்கும் கடமை பயன்படுத்துகிற நமக்கு. பேட்டரியின் பக்கவாட்டில் குப்பைத் தொட்டி மேல் பெருக்கல் குறி போட்ட படமும், பக்கத்தில் ஈயத்தின் குறியீடான 'Pb' என்ற எழுத்துகளும் இருக்கும். அலங்காரத்துக்குப் போட்டதல்ல.

ஆசிட்டைக் கொட்டாதீர்கள்

"தண்ணியக் கொட்டிட்டுக் கொண்டாங்க, வெயிட் போட்டுப் பாக்கலாம்." காயலான் கடையில் இப்படிச் சொன்னால், அங்கேயே திரும்பி வந்துவிடுங்கள். அவர்கள் ஈயத்தின் எடைக்கு மட்டும் காசு தர நினைக்கிறார்கள், அதனால் ஆசிட்டை நம் வீட்டுச் சாக்கடையில் கொட்டச் சொல்கிறார்கள்.

முழு சார்ஜில் இருக்கும் பேட்டரியின் அந்தத் "தண்ணி"யில் எடைக்கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கந்தக அமிலம். வருஷக்கணக்கில் ஈயத்தோடு கிடந்ததால் ஈயமும் அதில் கலந்திருக்கும். சாக்கடையில் ஊற்றினால் அமிலம் நீர்த்துப் போகலாம், ஈயம் எங்கும் போகாது, அங்கேயே மண்ணில் தங்கிவிடும். கிணறு பக்கத்தில் இருந்தால் சொல்லவே வேண்டாம். முழுதாக, மூடி இறுகி, ஆசிட்டோடு இருக்கும் பேட்டரியை அப்படியே எடுத்துக்கொள்பவரிடம் மட்டும் கொடுங்கள். அந்த ஒரு சோதனையிலேயே பாதிப் பேர் கழிந்துவிடுவார்கள்.

'மெயின்டனன்ஸ் ஃப்ரீ' என்று எழுதியிருப்பதாலோ, பைக் பேட்டரி சீல் வைத்தது என்பதாலோ உள்ளே ஆசிட் இல்லை என்று நினைக்க வேண்டாம். பைக்கில் வருவதில் பெரும்பாலும் கண்ணாடி இழைப் பஞ்சில் ஆசிட்டை ஊற வைத்திருப்பார்கள். அது ஓடாதே தவிர, உடைத்தால் கையைச் சுடும்.

கழற்றும் முறை

கடையிலேயே மாட்டித் தருவார்கள் என்றால் அதுதான் நல்லது, பழசும் அங்கேயே இறங்கிவிடும். சிக்னலில் நின்றால் இன்ஜின் தானாக அணையும் வசதியுள்ள புதிய கார்களில் பேட்டரியை நாமே தொடாமல் இருப்பதே மேல். சில வண்டிகளில் பேட்டரி மாற்றியதைக் கணினிக்கும் தெரிவிக்க வேண்டும். பழைய மாடல், வீட்டு வாசலிலேயே நிற்கிறது என்றால் கீழ்க்கண்ட வரிசையில் செய்யலாம்.

சாவியை எடுத்துவிடுங்கள். மோதிரம், கைக்கடிகாரம், வளையல் கழற்றி வையுங்கள். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். பருத்திச் சட்டையில் ஆசிட் ஒரு துளி பட்டால் அப்போது ஒன்றும் தெரியாது, துவைத்துக் காயப்போடும்போது ஓட்டை தெரியும், அதனால் பழைய சட்டையாக இருக்கட்டும். இப்போதுதான் சார்ஜ் போட்டு எடுத்தது என்றால் கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது.

கழற்றும்போது முதலில் நெகட்டிவ், அதாவது கறுப்பு வயர். பெரும்பாலான கார்களுக்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் சரியாக இருக்கும். ஏன் நெகட்டிவ் முதலில்? வண்டியின் பாடி முழுக்க நெகட்டிவோடு இணைந்திருக்கிறது. பாசிட்டிவை முதலில் கழற்றப்போய் ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்டால் நேரடி ஷார்ட். ஸ்பேனர் பழுக்கக் காய்ந்து அங்கேயே ஒட்டிக்கொள்ளும். நெகட்டிவை எடுத்துவிட்டால் அந்தப் பயம் இல்லை. எடுத்த வயரைத் துணியால் சுற்றி ஓரமாக ஒதுக்கிவிட்டு, அப்புறம் சிவப்பு. புதுசை மாட்டும்போது இதற்கு நேர் எதிர்: சிவப்பு முதலில், கறுப்பு கடைசியில்.

பைக்கில் இன்னொரு தொல்லை உண்டு. டெர்மினலுக்குள் சதுரமாக ஒரு குட்டி நட்டு உட்கார்ந்திருக்கும். திருகைக் கழற்றியதும் அது நழுவி இன்ஜின் இடுக்கில் விழுந்தால் அரை மணி நேரம் டார்ச் அடித்துத் தேட வேண்டியதுதான். கழற்றும்போதே ஒரு விரலால் அடைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கார் பேட்டரியை அடியில் பிடித்திருக்கும் கிளாம்பைத் தளர்த்திய பின், நேராக மேலே தூக்குங்கள். சாய்க்கக் கூடாது. முதுகை வளைத்துத் தூக்காமல் முழங்காலை மடக்கித் தூக்குங்கள்.

ஆசிட் சிந்திவிட்டால்

தரையில் சிந்தினால் ஆப்ப சோடாவைத் தாராளமாகத் தூவுங்கள். நுரைத்துப் பொங்கும். பொங்குவது நின்றபின் மேலும் கொஞ்சம் தூவிப் பார்த்து, பொங்காவிட்டால் துடைத்து எடுக்கலாம். துடைத்த துணியை மறுபடி பயன்படுத்த வேண்டாம்.

தோலில் பட்டால் சோடா தேய்த்துக்கொண்டிருக்காமல் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவிக்கொண்டே இருங்கள். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து குறைந்தது 15 நிமிடம் தண்ணீர் விட்டபின் நேராக மருத்துவமனை. எரிச்சல் குறைந்துவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. எல்லாம் முடிந்தபின் சாப்பிட உட்காருமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

இரண்டு நாள் வீட்டில் வைக்க வேண்டியிருந்தால்

சிமெண்டுத் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்று ஊரெல்லாம் சொல்வார்கள். இப்போதைய பிளாஸ்டிக் பெட்டிகளில் அப்படி எதுவும் நடப்பதில்லை. ஆனாலும் கசிந்தால் தரை பாழாகும் என்பதால் பிளாஸ்டிக் தட்டு அல்லது பழைய டப்பில் நிமிர்த்தி வையுங்கள். இரண்டு டெர்மினல்களிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள், செத்த பேட்டரியில்கூட பொறி பறக்கும் அளவுக்கு மிச்சம் இருக்கும். குழந்தைகள் கைபடாத, மழை படாத இடம் வேண்டும். சமையலறையும் அரிசி மூட்டை பக்கமும் வேண்டாம். இரண்டு நாளை இரண்டு வருஷமாக்கிவிடாதீர்கள். பரணிலும் மாடிப்படி அடியிலும் எத்தனை வீடுகளில் பேட்டரி வெடிப்பு விட்டுக் கசிந்து கிடக்கிறது!

கொண்டுபோகும்போதும் இதே கதைதான். காரில் டிக்கியில், டப்புக்குள், உருளாதபடி முட்டுக் கொடுத்து. ஸ்கூட்டரில் என்றால் கால் வைக்கும் இடத்தில் நிமிர்த்தி. பின்சீட்டில் இருப்பவர் மடியில் வைத்துக்கொண்டு போவது வேண்டவே வேண்டாம்.

கடையில் கொடுக்கும்போது

பில் இல்லாமல் கொடுக்காதீர்கள். புது பேட்டரியின் பில்லிலேயே பழசுக்குக் கழித்த தொகை தனி வரியாக இருக்க வேண்டும். "பில் போட்டா டாக்ஸ் வரும் சார்" என்பார்கள். வரட்டும். பில் இல்லாத புது பேட்டரிக்கு வாரண்டி கேட்டுப் போய் நிற்கவும் முடியாது.

"இதெல்லாம் எங்கண்ணே போகுது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கம்பெனி டீலராக இருந்தால் கம்பெனி வண்டி வந்து எடுக்கும் என்றோ, இந்த ஆலைக்குப் போகும் என்றோ பதில் வரும். பதில் மழுப்பலாக வந்தாலும், பின்பக்கம் பேட்டரிகள் வாய் திறந்து கிடப்பதைப் பார்த்தாலும் வேறு கடை பாருங்கள். பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களின் பட்டியலை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். நாலைந்து ஆட்டோவோ லாரியோ வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பட்டியல் உதவும். பேட்டரிகளைச் சேர்த்து வைத்து நேரடியாகவே பேசலாம்.

'ரீகண்டிஷன்' செய்கிறோம் என்று பழசை வாங்கிப் புது ஆசிட் ஊற்றி விற்கும் கடைகளும் உண்டு. என் கருத்தில் அந்தப் பக்கம் வாங்கவும் போக வேண்டாம், விற்கவும் போக வேண்டாம். பழைய ஆசிட் எங்கே போயிற்று என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

முறையான ஆலையில் பேட்டரியை இயந்திரத்தில் நொறுக்கித் தண்ணீர்த் தொட்டிக்குள் விடுவார்கள். பிளாஸ்டிக் மிதக்கும், ஈயம் அடியில் தங்கும். பிளாஸ்டிக்கைக் கழுவி உருக்கி மறுபடி பேட்டரி பெட்டியாக்குவார்கள். ஆசிட்டைத் தனியே எடுத்துச் சமன் செய்வார்கள். ஈயத்தை மூடிய உலையில் உருக்கிச் சுத்திகரித்துப் பாளமாக வார்ப்பார்கள், புகை வடிகட்டி வழியாகத்தான் வெளியே போகும். ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால் உலோகத்தை மட்டும் உருக்குவது எளிது, அதனால்தான் யார் வேண்டுமானாலும் அடுப்பு மூட்டிவிடுகிறார்கள்.

அப்படி மூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு செனகல் நாட்டுத் தலைநகர் டக்காருக்குப் பக்கத்தில் உள்ள தியாராய் சுர் மேர் என்ற ஊர் இருக்கிறது. பழைய பேட்டரிகளை உடைத்த இடத்து மண்ணில் ஈயம் கிடக்கிறது என்று தெரிந்ததும், அங்கிருந்த பெண்கள் அந்த மண்ணைச் சலித்து விற்க ஆரம்பித்தார்கள். மண் மூட்டைகள் வீட்டுக்குள்ளும் வந்தன. 2007 நவம்பரிலிருந்து 2008 மார்ச்சுக்குள் 18 குழந்தைகள் இறந்துபோனார்கள். ரத்தத்தில் இவ்வளவு ஈயம் வரை இருந்தால் பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குறைந்த அளவும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தொடும். அடுப்படியில் வேலை செய்கிறவர் சட்டையில் ஒட்டிய தூசியோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கினாலே அது சேரும்.

இன்வெர்ட்டர் பேட்டரி

மேலே சொன்ன எல்லாம் இதற்கும் பொருந்தும், ஒன்றைத் தவிர. 150 ஆம்பியர் அவர் டியூபுலர் பேட்டரி 50 கிலோவைத் தாண்டும், ஆசிட்டும் நிறைய. தனியாளாக நகர்த்த வேண்டாம். புதுசைக் கொண்டுவரும் கடை ஆட்களே பழசை இறக்கிக்கொண்டு போகட்டும் என்று பேசி வாங்குங்கள்.

மின்சார ஸ்கூட்டரின் லித்தியம் பேட்டரி

ஈய பேட்டரியைப் போல இதைத் தூக்கிக்கொண்டு கடை கடையாகப் போகக் கூடாது. காயலான் கடையில் இதற்குப் பெரிய விலையும் கிடைக்காது. தவறிப்போய் ஈய பேட்டரிகளோடு இது கலந்து நொறுக்கும் இயந்திரத்துக்குள் போனால் ஆலையே தீப்பிடிக்கும். இ-ரிக்‌ஷாக்களிலும் பழைய மலிவு ஸ்கூட்டர்களிலும் இன்னும் ஈய பேட்டரி வருகிறது, அதனால் முதலில் ஸ்டிக்கரைப் படித்து எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

லித்தியம் என்றால் ஒரே வழி, வண்டி கம்பெனியின் சர்வீஸ் சென்டர். 2022 விதிகள் இதற்கும் பொருந்தும், திரும்ப எடுக்கும் ஏற்பாட்டைக் கம்பெனி செய்தாக வேண்டும். வண்டி ஓட்டப் போதாத பேட்டரியிலும் நல்ல செல்கள் மிச்சம் இருக்கும், சூரிய மின்சாரத்தைச் சேமிக்க அவை உதவும். அதற்காகத் தெருமுனைக் கடையில் பெட்டியைத் திறக்கக் கொடுக்காதீர்கள். 48 வோல்ட்டோ அதற்கு மேலோ உள்ள பேட்டரி பேக்கில் ஒரு ஸ்க்ரூடிரைவர் தவறான இடத்தில் பட்டால் போதும்.

பேக் உப்பியிருந்தாலோ, தண்ணீரில் மூழ்கியிருந்தாலோ, கீழே விழுந்து நசுங்கியிருந்தாலோ, இனிப்பும் நெடியும் கலந்தமாதிரி வாடை வந்தாலோ அதைச் சார்ஜரில் செருக வேண்டாம். வண்டியை வீட்டுக்குள்ளும் மாடிப்படி அடியிலும் நிறுத்தாமல், மற்ற வண்டிகளை விட்டுத் தள்ளி வெட்டவெளியில் நிழலான இடத்தில் நிறுத்திவிட்டு கம்பெனிக்குச் சொல்லுங்கள். புகை கிளம்பினால் பக்கத்தில் போகாமல் 101 அல்லது 112-ஐ அழைத்து, லித்தியம் பேட்டரி என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அணைந்துவிட்டது போலத் தெரிந்தாலும் சில மணி நேரம் கழித்து மறுபடி பற்றக்கூடியது அது, அதனால் தீயணைப்புத் துறையினர் சொல்லும்வரை யாரையும் கிட்டே விட வேண்டாம்.